பெற்றவளின் சம்மதம்

கர்ணன் கதையை அறியாத தமிழர் இலர். கூத்துக் களரியிலும் கோயில் மண்டபத்துப் புராண படனத்திலும் அக்கதையைக் கேட்டு உருகாத நெஞ்சமும் இல்லை. பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தைக்காக நாம் இரங்குகின்றோம். அதனை எடுத்து வளர்த்த தேரோட்டி அதிரதனையும் அவன் மனைவி இராதையையும் போற்றுகின்றோம். ஆயின், ஆற்றங்கரையிலே நின்ற குந்தியைப் பற்றி ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. குழந்தையை நீரில் விடுவதற்கு முன்பு அவள் யாரிடம் சென்று வழி கேட்டாள்? பாரதம் அவளுக்கு ஒரு செவிலியை மட்டுமே துணையாகக் காட்டுகின்றது. அவ்விருவருக்கும் தெரிந்த வழி ஆறு ஒன்றுதான்.

ஒரு பெண் பெற்ற பிள்ளையை இன்னொரு குடும்பம் தன் பிள்ளையாக ஏற்று வளர்ப்பதை மகவேற்பு என்கின்றோம். சுவீகாரம் என்பதும் அதுவே. இது மிகப் பழையதொரு வழக்கம். அதன் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஏற்றவர்களைப் பற்றியும் ஏற்கப்பட்ட பிள்ளையைப் பற்றியுமே எழுதினர். பெற்றவளை நடுவில் நிறுத்தி அவ்வரலாற்றைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள். இது பழங்கதை ஆராய்ச்சி மாத்திரம் அன்று. வயிற்றில் வளரும் பிள்ளையை எவ்வாறு வளர்க்கப் போகின்றோம் என்று அறியாது கலங்கும் தாய் இன்றும் நம்மூர்களில் இருக்கின்றாள். அவளிடம் நாம் என்ன சொல்ல வேண்டும், எப்பொழுது சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைகளைத் தொகுத்துக் கூறும் தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியிலே 1706, 1707 ஆம் ஆண்டுகளில் எழுத்துருப் பெற்றது. தேசாதிபதி சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக் அதனைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலிமை அளித்தனர்.

அந்நூலிலே சுவீகாரத்துக்கென ஒரு பகுதி உண்டு. பிள்ளையில்லாதோர் ஒரு பிள்ளையை ஏற்க விரும்பினால், தம் சகோதரரிடமும், சகோதரர் இல்லாவிடின் தமக்குப்பின் முதுசம் பெறக்கூடிய நெருங்கிய உறவினரிடமும் சம்மதம் பெறல் வேண்டும். சம்மதித்தோர் மஞ்சள் நீரிலே விரல் தோய்ப்பர், அந்நீர் பருகப்படும். அம்பட்டரும் வண்ணாரும் சடங்கிலே சாட்சிகளாக நிற்பர். ஊரறிய, உறவறிய நடந்த செயல் அது. மறைவும் இல்லை, பின்னாளில் மறுப்பதற்கு இடமும் இல்லை. அவ்வகையில் அது நல்லதோர் ஏற்பாடே.

ஆயினும், அங்கே யாருடைய விரல் நீரில் தோய்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அது முதுசத்துக்கு உரியோரின் விரல். சட்டம் கேட்ட சம்மதம் சொத்து உரிமையைப் பற்றியது. அக்காலத்தில் பிள்ளை பெரும்பாலும் உறவுக்குள்ளேயே கைமாறியது. தமக்கையின் பிள்ளை தங்கை வீட்டில் வளரும். ஆகவே பெற்றவளின் மனம் தனியே கேட்டறிய வேண்டியதொன்றாக எவருக்கும் தோன்றவில்லை போலும். கண்டியச் சட்டத்திலும் சுவீகாரம் சொத்துரிமையை ஒட்டியே வளர்ந்தது. 1938 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு உறுதியொன்றினாலேயே அது நிலைபெறும் என விதித்தது. கரையோர மாகாணங்களில் வழங்கிய உரோம ஒல்லாந்தச் சட்டமோ மகவேற்பை ஏற்கவேயில்லை.

இனி மேற்றிசை நாடுகளைப் பார்ப்போம். அங்கே உறவுக்குள் கைமாறாத பிள்ளைகளைப் பற்றிய கேள்வி நகரங்களிலே எழுந்தது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஒரு பெரும் இல்லம் 1445 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளின் பின் இலண்டனிலே எழுந்த இல்லத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் தருவது.

தோமஸ் கோரம் என்பவர் கப்பல் தலைவர். கடற்றொழிலை விட்டு இலண்டனில் வாழ்ந்த நாளிலே, வீதியோரங்களில் எறியப்பட்டுக் கிடந்த சிசுக்களைக் கண்டு அவர் மனம் பொறாதவரானார். பிரபுக்களின் வாயில்தோறும் சென்று பதினேழு ஆண்டுகள் மன்றாடினார். முடிவில் 1739 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அரசரின் பட்டயம் கிடைத்தது. 1741 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதற் குழந்தைகள் ஏற்கப்பட்டன. ஓவியர் ஹோகார்த் அவ்வில்லத்துக்குப் படங்கள் அளித்தார். இசைமேதை ஹண்டெல் அதன் நிதிக்காகத் தம் இசையை அரங்கேற்றினார்.

குழந்தைகளைக் கொண்டுவந்த தாய்மாரின் தொகை இல்லத்தின் இடத்தினும் பெரிதாயிற்று. ஆகவே 1742 ஆம் ஆண்டு முதல் ஒரு முறை கையாளப்பட்டது. ஒவ்வொரு தாயும் ஒரு பையினுள் கையை விட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், நோயற்ற குழந்தையெனில் அது ஏற்கப்படும். சிவப்புப் பந்து வந்தால் அவள் காத்திருக்க வேண்டும். கறுப்புப் பந்து வந்தால் குழந்தையோடு வெளியே போக வேண்டும். ஒரு தாயின் வாழ்வும் ஒரு பிள்ளையின் வாழ்வும் பந்தின் நிறத்திலே தொங்கின.

பிள்ளையை விட்டுச் சென்ற தாய்மார், என்றேனும் வந்து மீட்கும் நாளில் அடையாளம் காட்டுவதற்காக ஏதேனும் ஒரு சிறு பொருளை வைத்துச் சென்றனர். துணியின் ஒரு துண்டு, தேய்ந்த நாணயம், ஒரு மோதிரம் என அவை பலவகைப்படும். அவை இன்றும் இலண்டன் நூதனசாலையொன்றில் காட்சிக்கு உள்ளன. மீட்க வந்தோர் மிகச் சிலரே. பிள்ளைகளுக்கு இல்லத்தார் வேறு பெயர் இட்டனர். தாய் இட்ட பெயர் அதனோடு மறைந்தது. ஆயினும் அத்துணித் துண்டுகள் ஓர் உண்மையைச் சொல்லாமற் சொல்கின்றன. பிள்ளையை விட்டுச் சென்றவள் பிள்ளையை மறந்து சென்றவள் அல்லள்.

1756 ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் பணம் வழங்கி, வரும் குழந்தைகள் அனைத்தையும் ஏற்குமாறு பணித்தது. 1760 வரை நான்கு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 15,000 குழந்தைகள் வந்து சேர்ந்தன. அவற்றுட் பெரும்பகுதி இறந்துபோயின. கதவைத் திறந்துவிடுவதும் தாய்க்கு உதவுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அவளுடைய வறுமையைப் பற்றியோ, அவளைத் துரத்திய வீட்டாரைப் பற்றியோ, குழந்தையைத் தன்னுடனே வைத்துக்கொள்ள அவளுக்கு என்ன துணை வேண்டும் என்பதைப் பற்றியோ அந்தக் கதவு கேட்கவில்லை.

பெற்றோரின் சம்மதம் சட்டத்தில் இடம்பெற மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. அமெரிக்காவின் மசச்சூசற்ஸ் மாநிலத்திலே 1851 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இக்கால மகவேற்புச் சட்டங்களுக்கு முன்னோடி எனப்படுகின்றது. பெற்றோர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும் என்றும், ஏற்போர் பிள்ளையை வளர்க்கத் தகுந்தவர் என்பதில் நீதிபதி திருப்தியடைய வேண்டும் என்றும் அது விதித்தது. இங்கிலாந்து 1926 ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டத்தை இயற்றியது. அதனைப் பெரிதும் தழுவியே இலங்கையில் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது.

இக்கட்டளைச் சட்டத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தேசவழமை உறவினரைக் கேட்டது. இது பெற்றவளைக் கேட்கின்றது. அதுவும் கையெழுத்தை மட்டும் கேட்டு அமையவில்லை. மகவேற்புக் கட்டளையின் தன்மையையும் பயனையும் சம்மதம் தருபவர் விளங்கிக்கொண்டாரா, அக்கட்டளையால் பிள்ளைமீது தமக்குள்ள உரிமை நிலையாக நீங்கும் என்பதை அறிந்தாரா என்பதில் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். கட்டளை பிள்ளையின் நலனுக்கு உகந்ததாக இருத்தல் வேண்டும். பிள்ளைக்காகப் பணமோ பரிசோ கைமாறலாகாது. ஏற்பவரின் வயதுக்கும் பிள்ளையின் வயதுக்கும் இடையே தக்க இடைவெளி வேண்டும் என்பதும் விதி. மஞ்சள் நீரிலே தோய்ந்த விரல் போய், விளங்கிய மனம் சாட்சியாகும் காலம் வந்தது எனலாம்.

ஆனால், சட்டப் புத்தகத்தில் விளக்கம் என்று எழுதிவிட்டால் தாயின் நெஞ்சில் விளக்கம் பிறந்துவிடுமா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை நோக்கினால், செல்வ நாடுகளும் இதிலே தவறிய வரலாறு தெரிகின்றது. அவுஸ்திரேலியாவிலே, மணமாகாது கருவுற்ற இளம் பெண்கள் பலரிடமிருந்து பிறந்தவுடனேயே குழந்தைகள் பிரிக்கப்பட்டன. அவர்களுக்கு இருந்த உரிமைகளை எவரும் எடுத்துரைக்கவில்லை. குழந்தையோடு வாழ அரசாங்கம் தரும் உதவியைப் பற்றியும் சொல்லவில்லை. பேறுகால மயக்கம் தெளியுமுன் கையெழுத்துப் பெறப்பட்டவர்களும் உண்டு. 2013 ஆம் ஆண்டு மார்ச்சு 21 ஆம் திகதி அந்நாட்டுப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் பாராளுமன்ற மண்டபத்திலே அத்தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். தாய்மாருட் பலர் அந்நாளில் முதியவராகியிருந்தனர்.

நம் நாட்டின் காயமோ இன்னும் ஆழமானது. 1970 களிலும் 1980 களிலும் இலங்கைக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றன. அவற்றுட் பல அன்புடைய வீடுகளையே அடைந்தன. அதனை மறுப்பது நன்றியன்று. ஆயினும், அந்த வழியிலே தரகர் புகுந்தனர், பணம் புகுந்தது. கருவுற்ற ஏழைப் பெண்களை ஓரிடத்தில் வைத்திருந்து, பிறக்கும் குழந்தைகளை விற்ற இடங்கள் இருந்தன. பெற்றவள் அல்லாத வேறொருத்தி தாயென நின்று பத்திரத்தில் ஒப்பமிட்டதும் உண்டு. 1987 ஆம் ஆண்டிலே வெளிநாட்டு மகவேற்புத் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1992 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வெளிநாட்டார் பிள்ளைகளை ஏற்கும் வழியை இறுக்கமாக்கியது.

பிள்ளைகள் வளர்ந்து பெரியவரானபொழுதுதான் கேட்கவேண்டிய கேள்வி எழுந்தது. 2017 ஆம் ஆண்டு நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இவ்வுண்மைகளை வெளிக்கொணர்ந்தது. சுவிற்சர்லாந்து அரசாங்கம் 2020 ஆம் ஆண்டிலே தன் அதிகாரிகளின் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நெதர்லாந்து அரசு நியமித்த குழு, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த மகவேற்பிலே பாரிய முறைகேடுகள் இருந்தன எனக் கூறிற்று. இன்று அந்நாடுகளிலிருந்து நடுவயதுடைய ஆண்களும் பெண்களும் தம் பிறப்புப் பத்திரத்தை ஏந்தி இங்கே வருகின்றனர். பலருடைய பத்திரத்திலே உள்ள தாயின் பெயர் பொய்.

பாடசாலை அதிபர்க்கும் பதிவேடுகளுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண்மணி என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பதைக் கடந்த வயது. கையிலே ஒரு பழைய பை. குறித்த ஓராண்டிலே பிறந்த பிள்ளைகளின் சேர்வுப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். பத்தொன்பது வயதிலே பிள்ளை பெற்றாராம். பிள்ளையை நல்ல வீட்டில் சேர்ப்பதாக ஒருவர் வந்து சொன்னாராம். ஏதோ ஒரு தாளில் ஒப்பமிட்டாராம். அது என்ன தாள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. நீதிமன்றம் எதற்கும் அவர் சென்றதில்லை. பிள்ளை எங்கள் பக்கத்து ஊரிலே வளர்வதாக ஒரு பேச்சு அவர் காதில் விழுந்திருக்கின்றது.

பதிவேட்டைப் பிறருக்குக் காட்ட எனக்கு அதிகாரம் இல்லை. காட்டினாலும் பயன் இல்லை. பெயர் தெரியாத பிள்ளையை எந்தப் பக்கத்தில் தேடுவது? அதனை நான் மெல்லச் சொன்னபொழுது அவர் அழவில்லை. “வேண்டாமெண்டு குடுக்கேல்லை, ஐயா. வேற வழி இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை,” என்றார். ஒரு தேநீர் பருகிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது அத்தேநீர் ஒன்றுதான். இப்பேச்சை எழுதத் தூண்டியதும் அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களே.

உலக நாடுகள் தாம் கற்ற பாடத்தை 1993 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹேக் நகரிலே ஓர் உடன்படிக்கையாக எழுதின. நாடுவிட்டு நாடு செல்லும் மகவேற்பைப் பற்றியது அது. சம்மதம் தருவோர்க்கு வேண்டிய ஆலோசனை வழங்கப்படல் வேண்டும்; சம்மதத்தின் விளைவு அவர்களுக்கு விளக்கப்படல் வேண்டும்; பணத்தால் தூண்டப்படாது தாமாகவே தருதல் வேண்டும்; தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பின்னரே பெறப்படல் வேண்டும் என அது கூறுகின்றது. அதனை முதலில் ஏற்றுறுதி செய்த மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்று. காயம் பட்ட நாடு முன்வந்து கையொப்பமிட்டது என்பது பெருமைக்குரியதே.

பிறந்த பின்னரே என்ற விதி ஏன் என்று சிலர் கேட்கலாம். ஐரோப்பிய நாடுகள் 1967 ஆம் ஆண்டிலே செய்த உடன்படிக்கை ஒன்று, பிள்ளை பிறந்து ஆறு வாரமாவது சென்ற பின்பே தாயின் சம்மதத்தை ஏற்க வேண்டும் என்றது. கருவுற்ற காலத்து அச்சம் வேறு. பிள்ளையின் முகத்தைக் கண்டபின் எழும் மனம் வேறு. பேற்றுக் களைப்பு நீங்கியபின் வரும் தெளிவு வேறு. முதலிரண்டும் மாறக்கூடியவை என்பதை அனுபவம் கற்பித்தமையால் விதி எழுந்தது. ஆகவே கருவுற்ற காலம் அறிவதற்கும் ஆராய்வதற்கும் உரிய காலம். முடிவு செய்வதற்குரிய காலம் அதன் பின்னரே வரும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே முற்காலத்தாரின் பெரும்பிழை.

நேயர்களே, இவ்வரலாற்றை அறிந்த நாம், கலங்கி நிற்கும் ஒரு கருவுற்ற தாயிடம் என்ன சொல்லலாம்?

முதலாவதாக, பிள்ளையைத் தானே வளர்ப்பதற்கு அவளுக்கு உள்ள வழியைச் சொல்ல வேண்டும். பல வேளைகளில் அவளுக்கு வேண்டியது வேறு பெற்றோர் அன்று. சில மாத உணவும், ஒரு கூரையும், வீட்டாரின் கோபம் தணியும்வரை ஒரு துணையுமே. அடுத்து, தாயின் தாயோ தமக்கையோ சிறிது காலம் வளர்க்கும் வழி உண்டு. இது நம்மவர்க்குப் புதிதன்று. இவை இரண்டும் இயலாதபொழுது மகவேற்பு என்னும் வழி உண்டு என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அது நீதிமன்றத்தின் வழியே நடப்பது, நிலையானது, பின்பு மாற்றுவது எளிதன்று, அதற்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அவ்வழியைத் தேர்ந்த தாய் பிள்ளையைக் கைவிட்டவள் அல்லள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நன்கு விளங்கி, அவசரமின்றி, தன் பிள்ளையின் நலம் கருதி ஒருத்தி அம்முடிவை எடுப்பாளாயின் அதுவும் ஒரு தாய்மைச் செயலே.

இவற்றைச் சொல்வதற்கு உரியோர் நம்மிடையே உள்ளனர். வீடு தேடி வரும் மருத்துவமாது இருக்கின்றார். நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இருக்கின்றனர். மகவேற்புக்கு முறையான வாயில் அவர்களே. வாட்டிலே வந்து காதோடு காதாகப் பேசும் தரகர் அந்த வாயில் அல்லர். இந்த ஒரு செய்தி ஊரறிந்த செய்தியாக வேண்டும்.

சொல்லக் கூடாதவையும் சில உண்டு. பிள்ளையில்லாத தம்பதியரின் கண்ணீரைக் காட்டி அவள் மனத்தை வளைக்கலாகாது. அவர்களுடைய துயர் மெய்யே. ஆனால் அதனைத் தீர்க்கும் கடன் அவளுக்கு இல்லை. ஊர்ப்பழியைச் சொல்லி அச்சுறுத்தலாகாது. அவளுக்காக நாம் முடிவு செய்யவும் கூடாது. இங்கிலாந்திலே 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், வளர்ந்த பிள்ளைகள் தம் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமை பெற்றனர். என்றேனும் ஒரு நாள் பிள்ளை வந்து கேட்கும் என்பதை மனத்திற் கொண்டு, தாயின் பெயரையும் பிறந்த இடத்தையும் நாளையும் மெய்யாகவே எழுதிவைத்தல் வேண்டும். பொய்ப் பெயர் எழுதிய ஒரு தாள், தாயையும் பிள்ளையையும் வாழ்நாள் முழுவதும் தேடவைத்துவிடும்.

பையினுள் கையை விட்டுப் பந்தெடுத்த இலண்டன் தாயும், தாள் எதுவென்று அறியாது ஒப்பமிட்ட நம்மூர்த் தாயும் ஒரே கரையில் நின்றவர்களே. அவர்கள் முன் ஓடியது ஆறு. திரும்பிப் பார்த்தால் துணைக்கு ஆளில்லை. இன்று அக்கரையில் ஒருத்தி நிற்பதை நாம் காண்போமாயின், அவளருகே சென்று, “பிள்ளை, அவசரப்படாதே, வழிகள் உண்டு, இருந்து பேசுவோம்” என்று சொல்வது நம் கடன்.